கொலை வழக்கில் எதிரி விடுதலை: மேன்முறையீட்டுக்குப் பிடி எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குச் சட்டத்தரணி ஒருவரின் பதில்கள்.

களுவாஞ்சிகுடி: சேர், போன கிழமை மேல் நீதிமன்றம் எதிரியை விட்டுவிட்டது. செத்தது எங்கட அண்ணன். நாங்கள் அப்பீல் போடலாமா?

நீங்களாகப் போட முடியாது, தங்கச்சி. எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், விடுதலைக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை சட்டமா அதிபருக்குத்தான். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதே மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் மனு கொடுக்கப்பட வேண்டும். உங்களுக்கு அதில் பாதி நாட்கள் போய்விட்டன. இன்றைக்கே சட்டத்தரணி மூலம் தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வழக்கை நடத்திய அரச சட்டவாதியைச் சந்தியுங்கள். சட்டமா அதிபருக்கு ஒரு கடிதமும் அனுப்புங்கள். அதில் “எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது” என்று மட்டும் எழுதினால் போதாது. தீர்ப்பின் எந்தப் பக்கத்தில், எந்தச் சாட்சியத்தை நீதிபதி பிழையாக எடைபோட்டார் என்று எழுதுங்கள்.

கல்முனை: 14 நாள் கடந்துவிட்டது. வேறு வழி?

கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனு, அதாவது தீர்ப்பைத் திரும்பப் பரிசீலிக்கக் கேட்கும் மனு. அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதைப் பாதிக்கப்பட்ட குடும்பமே தாக்கல் செய்யலாம். ஆனால் விசேட காரணம் காட்ட வேண்டும். தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

அக்கரைப்பற்று: எங்கட உம்மா கண்ணால கண்டவ. பொலிசில சொன்னதும் கோட்டில சொன்னதும் முரண் என்று அவட சாட்சியத்தை முழுசா தள்ளிட்டாங்க.

தம்பி, உங்கள் வழக்கில் பிடி இருந்தால் அது இங்கேதான் இருக்கும். முதலில், எதிரி தரப்பு அடையாளமிட்ட அந்த முரண் நிரூபிக்கப்பட்டதா என்று வழக்கேட்டில் பாருங்கள். சாட்சி மறுத்திருந்தால், வாக்குமூலத்தைப் பதிந்த பொலிஸ் உத்தியோகத்தர் மூலம் அதை நிரூபிக்க வேண்டும், அல்லது அரச தரப்பு ஏற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் தீர்ப்பில் அதை எண்ணியிருந்தால் அது சட்டப் பிழை.

அடுத்தது மொழி. உம்மா “மன்னாக் கத்தி” என்று தமிழில் சொல்லியிருப்பா. பொலிஸ் தகவல் புத்தகத்தில் சிங்களத்தில் வெறும் “பிஹிய” என்று பதிந்திருப்பார்கள். பிறகு அது தமிழில் “கத்தி” என்று திரும்பி வரும். கோட்டில் மன்னாக் கத்தி என்றவுடன் முரண் என்பார்கள். மூலப் பதிவை எடுத்து, அவவுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, முரண் எதைப் பற்றியது? வெட்டியவர் யார் என்பதிலா, கிணற்றடியா வேலியடியா என்பதிலா? ஒரு விடயத்தில் பிசகினார் என்பதற்காக முழுச் சாட்சியத்தையும் தள்ள வேண்டும் என்ற கட்டாய விதி இலங்கையில் இல்லை. ஆனால் எதிரியின் பெயரைச் சொல்ல உம்மா பல நாள் எடுத்திருந்தால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் வழக்கேட்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நீதிபதியின் சந்தேகம் நியாயமானது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

ஏறாவூர்: நீதிபதி சாட்சியை நேரில் பார்த்து எடுத்த முடிவை அப்பீல் கோட்டு மாற்றாதாமே?

பொதுவாக மாற்றத் தயங்கும். இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால் விடுதலை நிற்கும். ஆனால் வழக்கு நடுவில் நீதிபதி மாறியிருந்தால், தீர்ப்பு எழுதியவர் அந்தச் சாட்சியைக் கண்டிருக்கவே மாட்டார். யார் சாட்சியத்தை யார் கேட்டார் என்று திகதி வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரி தரப்பை அழைக்காமலே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 200ஆம் பிரிவின் கீழ் விட்டிருந்தாலும் கவனியுங்கள். அரச தரப்புச் சாட்சியத்தை முற்றாக நம்பாதபோது, அல்லது அது குற்றத்தை நிறுவாதபோது மட்டுமே அப்படி விடலாம்.

வாழைச்சேனை: கத்தி ஒளித்த இடத்தை எதிரியே காட்டினான். பிறகும் விடுதலையா?

சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி பொலிசாரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 27ஆம் பிரிவு, பொருள் கண்டுபிடிக்கப்படக் காரணமான பகுதியை மட்டும் உள்ளே விடுகிறது. அதுவும் கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டும், வெட்டினார் என்பதை அல்ல. அந்தக் கத்தியைக் காயத்தோடு சேர்ப்பது சட்ட வைத்திய அதிகாரியின் சாட்சியமும் இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கையும்தான்.

திருக்கோவில்: ஒரே ஒரு சாட்சிதான். போதுமா?

போதும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு எண்ணிக்கை கேட்கவில்லை.

கல்லாறு: வென்றால் எதிரி உடனே உள்ளே போவாரா?

மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் காணலாம், மறுவிசாரணைக்கும் அனுப்பலாம். மறுவிசாரணை என்றால் சாட்சிகள் மறுபடி கூண்டேற வேண்டும். வெளிநாடு போனவர்களின் விலாசத்தை இப்போதே எடுத்து அரச சட்டவாதியிடம் கொடுத்து வையுங்கள்.