சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம்?

தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். நேரம் பதினெட்டரையிலிருந்து பத்தொன்பது மணி நேரத்துக்குள். இன்று ஓடும் நேரடி விமானச் சேவைகளில் இதைவிட நீளமானது இல்லை.

ஆனால் விமானம் அந்த 15,350-ஐ அப்படியே பறப்பதில்லை. சிங்கப்பூர் கிட்டத்தட்ட 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு. கூட்டினால் 178. கிட்டத்தட்ட பூமியின் எதிர்ப்பக்கம். அதனால் உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகும். பசிபிக் வழியாகவும் போகலாம், அட்லாண்டிக் வழியாகவும் போகலாம். எந்தப் பக்கம் என்பதை அன்றைய காற்றும் திறந்திருக்கும் வான்வழிகளும் பார்த்து முடிவு செய்கிறார்கள். மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பேய்த்தனமாக அடிக்கும். அது முதுகில் தள்ளினால், சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம்தான். நான் போனது பசிபிக் வழி. தூங்கி எழுந்து திரையைப் பார்த்தால் விமானம் அலாஸ்கா பக்கம் நிற்கிறது, இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி என்கிறது. அந்தக் கட்டம்தான் கொஞ்சம் கஷ்டம்.

இந்த வழியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டுவது, மிக நீண்ட தூரம் பறக்கவென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் ரகம். 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையவே கிடையாது, டிக்கெட் விலையும் அதற்கேற்றபடிதான். முன்பு 2004-லிருந்து 2013 வரை நியூவர்க்குக்கு (நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் விமான நிலையம்) ஏர்பஸ் ஏ340-500 ஓடியது. நான்கு இன்ஜின், எரிபொருள் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். 2018-ல் இந்தப் புது ரகம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. கையைக் கடிக்கிறது என்றால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானம் உண்டு. மொத்தம் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், ஆனால் அதில் எகானமி இருக்கிறது. நடுவில் இறங்கிக் காலை நீட்டலாம்.

அப்புறம் தேதி விஷயம். நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் 13. திங்கள் இரவு இங்கே ஏறினால் செவ்வாய் விடிகாலை அங்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது நேர்மாறு: திங்கள் இரவு ஏறினால் இறங்குவது புதன் காலை. டிக்கெட்டில் ‘+2’ என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரிடம் கிழமையைச் சொல்லிவிடுங்கள், ‘நாளைக்கு வந்துவிடுவேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நியூஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் நியூயார்க் நகரத்து ஜேஎஃப்கே விமான நிலையம் வேண்டாம், நியூவர்க்குக்கே போடுங்கள். சிங்கப்பூரிலிருந்து பறக்கும் தூரத்தில் இரண்டுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஜேஎஃப்கேயில் இறங்கினால் தரையில் நியூயார்க் நகர நெரிசலைத் தாண்டி வர வேண்டியிருக்கும்.