வழக்குக்குப் பின்னால் ஒரு பணப்பை

கேள்வி: பத்திரிகை அத்துமீறினால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்வது அவருடைய உரிமை. வசதியுள்ள ஒருவர் அவருடைய வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டால் அது எப்படிப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்தாகும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அமெரிக்காவின் காக்கர் இணையப் பத்திரிகைக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் படுக்கையறைக் காணொளி ஒன்றின் பகுதியை அந்தப் பத்திரிகை 2012-இல் வெளியிட்டது. அதில் பொதுநலன் என்று சொல்ல எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஹோகனின் புகார் நியாயமானதுதான். 2016 மார்ச்சில் ஃபுளோரிடாவின் நடுவர் குழு (ஜூரி) அவருக்கு 14 கோடி டாலர் வழங்க வேண்டும் என்று முடிவு செய்தது. இந்த வழக்குக்குச் செலவழித்தவர் இணையவழிப் பணம் செலுத்தும் நிறுவனமான பேபாலின் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல் என்ற உண்மை, தீர்ப்பு வந்து இரண்டு மாதங்கள் கழித்தே வெளியே வந்தது. அவரே ஒப்புக்கொண்டபடி செலவு ஏறத்தாழ ஒரு கோடி டாலர். தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்று காக்கரின் துணைத்தளம் ஒன்று 2007-இல் எழுதியதை அவர் மறக்கவில்லை.

இந்த வழக்கில் நான் முக்கியமாகக் கருதுவது, பலர் கவனிக்காமல் விட்ட ஒரு சிறு நடவடிக்கையை. காக்கரின் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டிய நிலையை உண்டாக்கக்கூடிய ஒரு கோரிக்கையை ஹோகன் தரப்பு இடையிலேயே கைவிட்டது. இழப்பீடு வாங்குவதே நோக்கமாக உள்ள எந்த வாதியும், பணம் தரக்கூடிய காப்பீட்டு நிறுவனத்தைத் தாமே விலக்கிவிட மாட்டார். முழுச் சுமையும் பத்திரிகையின் தலையிலேயே விழ வேண்டும் என்று விரும்புபவருக்குத்தான் அது பொருத்தமான உத்தி. விளைவும் அப்படியே அமைந்தது: ஜூனில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது, ஆகஸ்டில் நிறுவனர் நிக் டென்டனும் திவாலானார், அதே மாதம் காக்கர் தளம் மூடப்பட்டது. மேல்முறையீட்டில் தொகை குறைய வாய்ப்பு இருந்தும் அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இல்லாததால், நவம்பரில் 3.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

பிறர் வழக்குக்குப் பணம் தருவதைப் பழைய ஆங்கிலச் சட்டம் குற்றமாகவே கருதியது. அந்தத் தடை இந்தியாவில் அப்படியே பொருந்தாது என்று, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1876-இல் கூறியது. ஏழையின் நியாயமான வழக்கு பணமின்றி நின்றுவிடக் கூடாது என்பதால் அது நல்ல முடிவுதான். ஆனால் பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு நியாயமற்ற வழக்குகளைத் தூண்டிவிடும் உடன்படிக்கைகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. காக்கர் வழக்கின் சிக்கல், வழக்கு நியாயமாகவும் நோக்கம் வேறாகவும் இருந்ததுதான். பணம் கொடுப்பவர் யார் என்று தெரியாதபோது அந்த நோக்கத்தை நீதிபதியோ, நடுவர்களோ, எதிர்த்தரப்போ எப்படி எடைபோட முடியும்? செலவை ஏற்பவரின் பெயரை நீதிமன்றத்தில் கட்டாயம் தெரிவிக்கச் செய்வதே குறைந்தபட்சத் தீர்வு என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் பத்திரிகையை வெளிப்படையாக விலைக்கு வாங்கும் செல்வந்தர் மேல் என்கிறீர்களா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: மேல் என்று சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரிகிறார், அவ்வளவுதான். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2013-இல் 25 கோடி டாலருக்கு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை வாங்கினார். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, கமலா ஹாரிஸை ஆதரித்து ஆசிரியர் குழு எழுதிய தலையங்கம் வெளிவராமல் நிறுத்தப்பட்டது. யாருடைய முடிவு என்று வாசகர்களுக்குத் தெரிந்திருந்ததால், சில நாட்களிலேயே 2.5 லட்சத்துக்கு மேற்பட்டோர் சந்தாவை விலக்கிக்கொண்டனர். பெசோஸும் தம் பெயரிலேயே அதே பத்திரிகையில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. காக்கர் வாசகர்களுக்கோ, வழக்கு நடந்த காலம் முழுவதும், யாரிடம் விளக்கம் கேட்பது என்றே தெரியவில்லை.