முகவரியை வலமிருந்து படியுங்கள், தம்பி

தம்பி, லண்டன் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ‘உங்கள் ஈவிசா கணக்கு முடக்கப்படுகிறது, 48 மணி நேரத்துக்குள் கட்டணம் செலுத்திச் சரிபார்க்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸின் (உள்துறை) முத்திரையும் இருக்கிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது போலி. எதையும் அழுத்தாதீர்கள். ஈவிசா (காகிதத்துக்குப் பதிலாக இணையத்தில் இருக்கும் விசா) கணக்கு தொடங்கக் கட்டணமே கிடையாது.

முத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வெறும் படம், யாரும் நகலெடுக்கலாம். அனுப்புநர் பெயரும் அப்படித்தான். 1982-இல் மின்னஞ்சலுக்கு விதி எழுதியவர்கள், அனுப்புபவர் சொல்லும் பெயர் உண்மைதானா என்று பார்க்கும் ஏற்பாடு எதையும் அதில் வைக்கவில்லை. தபால் உறையின் பின்னால் யார் பெயரையும் எழுதி அனுப்பலாம் அல்லவா, அதே நிலைமை. பிற்காலத்தில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, அனுப்பும் முகவரி உண்மையா என்று சரிபார்க்கும் காவல்கள் வந்தன. அரசின் முகவரியையே திருடி அனுப்புவது அதனால் கடினமாகிவிட்டது. ஆகவே, பார்க்க அதைப் போலவே இருக்கும் வேறொரு முகவரியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த இணைப்பையே எடுத்துக்கொள்வோம்: கவ்.யூகே-அக்கவுன்ட்-வெரிஃபை.காம்/விசா. இடமிருந்து படித்தால் ‘கவ்.யூகே’ என்ற இடத்திலேயே கண் திருப்தியடைந்து நின்றுவிடும். அதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் முதல் சாய்கோட்டை (/) தேடுங்கள் (தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ்ஸை ஒட்டி வரும் இரட்டைக் கோடு கணக்கில் இல்லை). அங்கிருந்து இடப்பக்கமாக நகருங்கள். முதலில் ‘காம்’. அதற்கு முந்தைய புள்ளி வரை ‘யூகே-அக்கவுன்ட்-வெரிஃபை’. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தளத்தின் உண்மைப் பெயர். அதற்கும் இடப்பக்கம் நிற்கும் ‘கவ்’, அந்தத் தளத்தின் சொந்தக்காரன் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. நினைத்தால் ‘பிரதமர்’ என்றுகூட ஒட்டிக்கொள்ளலாம். உண்மையான அரசுத் தளத்தில் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது கவ்.யூகே. யூகேவை அடுத்து ஒரு ஹைஃபன் (-) வந்தாலே அது போலி என்று முடிவு செய்துவிடலாம். ‘கோ.யூகே’ என்று முடியும் வங்கி, கடை முகவரிகளில் மட்டும் இன்னும் ஒரு சொல் இடப்பக்கம் சேர்த்துப் படியுங்கள்.

கைப்பேசியில் இந்த முகவரி கண்ணுக்கே தெரியாது. இணைப்பின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் தெரியும். அனுப்புநர் பெயரைத் தொட்டால் அதன் பின்னால் இருக்கும் முகவரியும் வெளியே வரும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். அந்தத் தளமே திருடனுடையதாக இருக்கலாம். குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. எழுத்துப்பிழையைத் தேடச் சொல்வதும் பழைய யோசனை. இப்போது பிழையற்ற ஆங்கிலத்தை இயந்திரமே எழுதித் தருகிறது. சொல்லப்போனால், எனக்கு வரும் உண்மையான அலுவலகக் கடிதங்களில்தான் பிழை அதிகம்.

சில போலி முகவரிகளைக் கண்ணால் பிடிக்கவே முடியாது. ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகளில் சில ஆங்கில எழுத்தைப் போலவே இருக்கும். இங்கேதான் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி உதவும். நீங்கள் எந்தத் தளத்தில் கடவுச்சொல்லைச் சேமித்தீர்களோ அங்கே மட்டும்தான் அது தானாக நிரப்பும். உங்கள் வங்கிப் பக்கம் போலவே இருந்தும் அது நிரப்பாமல் நின்றால், நீங்களும் நின்றுவிடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், புதிதாக வந்தவருக்கு எல்லா இடத்திலிருந்தும் மின்னஞ்சல் வரும்: பல்கலைக்கழகம், வங்கி, வேலை தரும் நிறுவனம், வீட்டு ஏஜென்ட், பார்சல். அவற்றில் உண்மையானவையே பல சமயம் போலி போல இருக்கும். வெளி நிறுவனம் வழியாக அனுப்புவார்கள், இணைப்பு ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். எனவே எது உண்மை என்று மின்னஞ்சலின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதை மூடிவிட்டு, தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். உண்மையான செய்தியானால் அங்கேயும் இருக்கும். வரி அலுவலகமான எச்எம்ஆர்சி விஷயத்தில் இந்த வேலைகூடத் தேவையில்லை. வரிப்பணம் திரும்பக் கிடைக்கும் என்று அவர்கள் மின்னஞ்சலில் அறிவிப்பதே இல்லை. வரிக் கணக்குத் தாக்கலுக்கான ஜனவரி 31 கெடு நெருங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பேசும் நானும் விழுந்தவன்தான். வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். முகவரி குறைபாடு, மறுவிநியோகத்துக்கு இரண்டு பவுண்டுக்கும் குறைவான கட்டணம் என்று செய்தி வந்தது. கட்டினேன். அந்தச் சில்லறை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மறுநாள் மதியம் ‘உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு’ அழைத்தது. என் பெயர், முகவரி, அட்டையின் கடைசி நான்கு எண்கள் எல்லாவற்றையும் அந்த மனிதர் சொன்னார். முந்தைய நாள் நானே எழுதிக் கொடுத்தவை! நேற்று ஒரு போலித் தளத்தில் பணம் கட்டினீர்களா என்று அக்கறையாகவும் கேட்டார். உங்கள் பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றிவிடுவோம் என்றபோது நான் லிஃப்டுக்குள் போய்விட்டேன், இணைப்பு அறுந்தது. வெளியே வந்து அட்டையின் பின்னால் இருந்த எண்ணை அழைத்தேன். அப்படி யாரும் அழைக்கவில்லை என்றார்கள். என்னைக் காப்பாற்றியது லிஃப்ட், என் புத்தி இல்லை.

நீங்கள் ஏற்கெனவே இணைப்பைத் திறந்துவிட்டிருந்தால் பதற வேண்டாம். திறந்ததைவிட, அங்கே எதை எழுதிக் கொடுத்தீர்கள் என்பதே முக்கியம். அட்டை எண் கொடுத்திருந்தால் உடனே 159-ஐ அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேராக இணைக்கும். கடவுச்சொல் கொடுத்திருந்தால் முதலில் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி அங்கேதான் வந்து விழுகிறது. ஏமாந்து நீங்களே வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பியிருந்தாலும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டுக் கணக்குகளுக்கு இடையே அப்படி அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். போலி மின்னஞ்சலை ‘ரிப்போர்ட்@பிஷ்ஷிங்.கவ்.யூகே’ என்ற முகவரிக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். குறுஞ்செய்தியானால் 7726-க்கு அனுப்புங்கள், காசு இல்லை.

வீட்டு ஏஜென்ட் ஷேர் கோட் (இங்கே வாடகைக்கு இருக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று அவர் சரிபார்க்க உதவும் குறியீடு) கேட்கிறார், அதையும் இந்த இணைப்பு வழியாகவே எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. கவ்.யூகே என்று நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய் எடுங்கள். வாடகைக்கான கோட் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். ஏஜென்டுக்கு அதுவும் உங்கள் பிறந்த தேதியும் போதும். மீதியை அவரே அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்வார்.