பதினெட்டு லட்சம் கடனா, புடாபெஸ்ட்டா?

கரூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம். அடுத்து எம்.பி.ஏ. என்று வீட்டில் முடிவாகி, பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் சீட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். இவளோ, போலந்து ஏன் மேலே வந்தது, பல்கேரியா ஏன் காலியாகிறது என்று படிக்கப் போகிறேன் என்கிறாளாம். "இதெல்லாம் ஒரு படிப்பா சார்?"

படிப்புதான் சார். பதினெட்டு லட்சம் கடன் வாங்கி, பிடிக்காத எம்.பி.ஏ. முடித்து, வருகிற சம்பளத்தில் பாதியைத் தவணையாகக் கட்டுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தவணையைப் பெரியப்பா கட்டப்போவதில்லை.

அவள் கேட்கிற கேள்வி சின்னக் கேள்வி இல்லை. 2004 மே 1 அன்று எட்டு முன்னாள் கம்யூனிச நாடுகள் ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன, பல்கேரியாவும் ருமேனியாவும் 2007இல். கதவு ஒன்றுதான், உள்ளே போனவர்கள் கதை வேறு வேறு. 2009 உலக நிதி நெருக்கடியில் ஒன்றியத்திலேயே வளர்ச்சி கண்ட ஒரே நாடு போலந்து; உள்நாட்டுச் சந்தை பெரியது, சொந்த நாணயம் இருந்ததால் அதன் மதிப்பு இறங்கி ஏற்றுமதியைத் தாங்கியது, ஒன்றியத்தின் நிதியும் வந்துகொண்டிருந்தது. பல்கேரியாவில் 80களின் கடைசியில் 90 லட்சத்தை ஒட்டி இருந்த மக்கள்தொகை 2021இல் சுமார் 65 லட்சம். சரிவு முன்பே தொடங்கியதுதான், ஆனால் ஒன்றியத்தில் சேர்ந்தும் அது நிற்கவில்லை. இளைஞர்கள் ஜெர்மனிக்கு ஏற வழி சுலபமானது.

அவள் படிக்கப் போக நான் சொல்வது ஹங்கேரி. போலந்து சேர்ந்த அதே நாளில் சேர்ந்த நாடு. 2010இல் பிரதமராக ஆட்சிக்கு வந்த விக்டர் ஓர்பான் புது அரசியல் சட்டமே எழுதினார், அங்கே சட்டத்தின் ஆட்சி சரியில்லை என்று 2022இல் ஒன்றியம் அந்த நாட்டுக்கான பணத்தை நிறுத்திவைத்தது. தலைநகர் புடாபெஸ்ட்டில் கார்வினஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1990 வரை அதற்குக் கார்ல் மார்க்ஸ் பெயர். 2019இல் அதை அரசிடமிருந்து ஒரு அறக்கட்டளைக்கு மாற்றி, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பங்குகளையும் மருந்து நிறுவனம் ஒன்றின் பங்குகளையும் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் இத்தகைய அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்களுக்கு ஐரோப்பிய நிதி கிடையாது என்று ஒன்றியம் கைவிரித்தது. அதே ஊரில் இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நெருக்கிய 2017 சட்டத்துக்குப் பிறகு வியன்னாவுக்கே போய்விட்டது. உங்கள் பெண் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வளாகங்களிலேயே கிடக்கிறது.

போக வழி, ஹங்கேரி அரசு 2013 முதல் தருகிற 'ஸ்டிபெண்டியம் ஹங்கேரிக்கம்' உதவித்தொகை. கல்விக் கட்டணம் இல்லை. விடுதி இடம், இல்லையென்றால் வாடகைக்கு ஒரு தொகை. மருத்துவக் காப்பீடு. முதுகலைக்கு மாதம் 43,700 ஃபோரிண்ட், நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். வழக்கமாக ஜனவரி நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும். நம் கல்வி அமைச்சகத்தின் பரிந்துரையும் வேண்டும், இந்தியாவுக்கு எந்தெந்தப் பாடங்கள் திறந்திருக்கின்றன என்பதை அந்தந்த ஆண்டுப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அந்தப் பத்தாயிரத்தில் புடாபெஸ்ட்டில் மாதம் ஓடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் நீங்கள் கொஞ்சம் அனுப்பத்தான் வேண்டும். உதவித்தொகை கிடைக்கவில்லையென்றால் போகவேண்டாம், நிலத்தை விற்றுப் போகவே வேண்டாம். டெல்லி ஜே.என்.யூ.வில் ஐரோப்பிய ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, கட்டணமும் மிகக் குறைவு, அங்கே முயலட்டும். போலந்தில் பெயர் தெரியாத கல்லூரிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேலை? ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கிற அப்போலோ டயர்ஸுக்கு ஹங்கேரியிலும் ஆலை உண்டு. டாட்டாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் கார் செய்கிறது. அந்த நாட்டுக் கூலி, மானியம், அரசின் மனநிலை இதையெல்லாம் படித்துச் சொல்ல ஆள் தேவைப்படும். வேலை வரிசைகட்டி நிற்கிறது என்று பொய் சொல்லமாட்டேன்; போட்டி குறைவு. ஆங்கில வழியில் படித்தாலும் ஹங்கேரிய மொழியைக் கற்றே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பட்டத்தில் பாதிப் பலன்தான்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். இந்த வாரம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடச் சொல்லுங்கள். அப்புறம், பல்கேரியாவா ஹங்கேரியா, எதில் அவளுக்கு நிஜமான ஆர்வம் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும். அவளே எழுதவேண்டும், பெரியப்பா திருத்தக் கூடாது.