சுவர் டைலும் ஷவர் ட்ரேயும் சேரும் இடத்தை எதால் அடைப்பது?

கேள்வி: எங்கள் குளியலறையில் ஷவருக்குக் கீழே அக்ரிலிக் ட்ரே இருக்கிறது. சுவர் டைல் அதைத் தொடும் இடத்தில் பூசிய கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவை) ஆறே மாதத்தில் விரிசல் விட்டு உதிர்கிறது. மறுபடி பூசியும் அதே கதைதான். அதன் மேலேயே சிலிகான் அடித்துவிடலாமா?

பதில்: சிலிகான்தான் சரி. ஆனால் கிரவுட்டின் மேல் அடிக்காதீர்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடிக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரை ட்ரேயின் ஓரமாக ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் குனிந்து அந்த விரிசலைப் பாருங்கள். முடியளவு திறக்கும், அவர் இறங்கியதும் மூடும். சுவர் அசைவதில்லை, ட்ரே அசைகிறது. போதாததற்கு, வெந்நீர் பட்டால் அக்ரிலிக் டைலைவிட அதிகமாக விரியும். சிமென்ட் கிரவுட் அழுத்தத்தைத் தாங்கும், இழுபட்டால் உடைந்துவிடும். எத்தனை தடவை பூசினாலும் இதுதான் நடக்கும். சிலிகான் ரப்பரைப் போல இழுபட்டுத் திரும்பும்.

இந்த வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். கிரவுட்டைக் கத்தியால் கீறி எடுங்கள். ட்ரே பக்கம் மட்டும் பிளாஸ்டிக் சுரண்டி போதும், இரும்பு பட்டால் கோடு விழும். பழைய சிலிகான் இருந்தால் துளிகூட விடாதீர்கள், அதன் மேல் புதியது ஒட்டவே ஒட்டாது. இடுக்கு திறந்ததும் அடி வரிசை டைல்களை விரலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, டைல் ஆடினாலோ நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஏற்கெனவே பின்னால் இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முதலில் சுவரைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் உறுதியாக இருந்தால், ஷவரை ஒரு நாளாவது மூடிவைத்து இடுக்கை நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், அக்ரிலிக்கைக் கெடுத்துவிடும்.

பூஞ்சைத் தடுப்புள்ள சானிட்டரி சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். சுவரில் மார்பிள் பதித்திருந்தால் நியூட்ரல் வகைதான். வினிகர் வாடை அடிக்கும் வகையில் உள்ள அமிலம் மார்பிளை அரிக்கும்.

பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. அடிப்பதற்கு முன் ட்ரே நடுவில் துண்டு விரித்து, இரண்டு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். அந்த எடையில் ட்ரே இறங்கி இடுக்கு விரிந்திருக்கும். அப்போது நிரப்பினால், பிறகு நீங்கள் ஏறி நிற்கும்போது சிலிகான் அளவுக்கு மீறி இழுபடாது.

இடுக்கு 3 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. 6 மி.மீ.க்கு மேல் போனால் முதலில் உள்ளே ஃபோம் கயிறு திணிக்க வேண்டும். மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிகானை நிறுத்தாமல் ஒரே இழுப்பில் அடியுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவையில் வழித்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் திட்டுத்திட்டாகிவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டத் தொடங்கும், அதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும்.

வாளிகள் 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அதுவரை அங்கே குளிக்க வேண்டாம்.