'ஸ்ட்ரைக்' என்றால் அடிப்பதா, வேலை நிறுத்தமா? எப்படி எழுதுவது, எங்கிருந்து வந்த சொல்?

இதே கேள்விக்குப் பதில் சொல்லி எட்டாம் ஆண்டில் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு நாலாவது நாளாகப் பெரட்டு, அதாவது காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது, இல்லை. லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் கொழுந்துக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. ஆண்களெல்லாம் கோயிலடியில் குந்தியிருந்தார்கள். இங்கிலீஷ் பாடத்தில் சேர் கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதி அர்த்தம் கேட்டார். எனக்குத் தெரியாத சொல்லா? எழும்பி, "வேலைக்குப் போகாம இருக்கிறது சேர்" என்றேன். பாதி வகுப்பு ஆமாம் என்று தலையாட்டியது. சேர் மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்தார். "கைய நீட்டு." உள்ளங்கையில் சுளீரென்று ஒன்று. "இதுதான் ஸ்ட்ரைக். நீ சொன்னது புத்தகத்துல இல்ல."

புத்தகத்திலும் இருக்கிறது, அது வேறு விஷயம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது இரண்டு அர்த்தமுமே அதற்கு இல்லை.

முதலில் எழுத்துக் கணக்கை முடித்துவிடுகிறேன். எஸ், டி, ஆர், ஐ, கே, கடைசியில் ஓர் ஈ. அந்தக் கடைசி எழுத்து வாயில் வராது. நடுவில் இருக்கிற எழுத்தை 'இ' என்று சொல்லாமல் 'ஐ' என்று சொல்ல வைப்பதுதான் அதன் வேலை. பைக், லைக் எல்லாம் அதே கூட்டம். இறந்தகாலத்துக்கு 'ஸ்ட்ரைக்ட்' என்று எழுதி பரீட்சையில் மார்க்கை விடாதீர்கள். 'ஸ்ட்ரக்' என்றுதான் வரும்: எஸ், டி, ஆர், யூ, சி, கே. 'ட்ரக்' எழுதத் தெரிந்தவர் அதற்கு முன்னால் ஓர் எஸ் வைத்தால் போதும். 'ஸ்ட்ரிக்கன்' என்று இன்னொரு பழைய வடிவமும் உண்டு. அது இப்போது துக்கம், பயம், நோய் இவை வந்து தாக்கியவரைச் சொல்லத்தான் பெரும்பாலும் வரும். நம் லயத்தில் "பேயடிச்ச மாதிரி நிக்கிறான்" என்போமே, கிட்டத்தட்ட அந்த இடம்.

இனி பிறந்த கதை. பழைய ஆங்கிலத்தில் இது 'ஸ்ட்ரீக்கான்'. தடவு, நீவு, மேலோட்டமாகத் தேய்த்துக்கொண்டு நகர் என்பதுதான் அர்த்தம். அடி, உதை ஒன்றும் இல்லை. இதன் சொந்தக்காரச் சொற்கள் பக்கத்து மொழிகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஜெர்மன்காரருக்கு அதே சொல் தடவுவதற்கும் சுவருக்குப் பெயிண்ட் பூசுவதற்கும் எழுதியதைக் கோடு போட்டு அழிப்பதற்கும் உதவுகிறது. ஒரு காலத்தில் நம் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மொழியிலோ துணியை அயர்ன் பண்ணுவது அந்தச் சொல். ஆங்கிலத்தில் மட்டும் 1300-ஐ ஒட்டி கை கொஞ்சம் கனத்துவிட்டது. தடவியவன் அடிக்கத் தொடங்கினான். தடவுகிற அர்த்தத்தை 'ஸ்ட்ரோக்' என்ற தங்கச்சி எடுத்துக்கொண்டது. அதிலும் பாருங்கள், பூனையைத் தடவுவதும் ஸ்ட்ரோக், பாரிசவாதமும் ஸ்ட்ரோக். நோய்க்கு அந்தப் பெயர் வந்தது, கடவுள் கை ஓங்கி அடித்தது என்ற எண்ணத்தில். நம் ஆட்கள் "காத்து அடிச்சிருச்சு" என்று சொல்வதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

தடவலும் அடியும் ஒரே சொல்லில் எப்படி என்று கேட்பீர்கள். நம் 'அடி'யைக் கொஞ்சம் பாருங்கள். தீபாவளிக்கு முன்னால் லயத்துச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். யாரும் சுவரை உதைப்பதில்லை, பிரஷ்ஷால் நீவுகிறோம். பரீட்சைத் தாளில் 'அடித்தல் திருத்தல்' கூடாது என்கிறோம். அங்கே அடிப்பது கோடு. இங்கிலீஷ்காரன் எழுதியதை வெட்டுவதற்கும் இதே ஸ்ட்ரைக்கைத்தான் வைத்திருக்கிறான். மணி அடிக்கிறது, அவனுக்கும் கடிகாரம் ஸ்ட்ரைக் பண்ணுகிறது. இடி, மின்னல் விழுந்தாலும் அதுவே. (நெருப்புக்குச்சி உரசுவதற்கும் அதே சொல் என்பதால் அது பழைய 'தேய்' அர்த்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லில் இரும்பை அடித்துத் தீ எடுத்த காலத்து மிச்சம் அது.)

எனக்கு மிகவும் பிடித்தது அரிசிக் கணக்கு. தோட்டத்தில் அரிசி போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்பாயி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கையாலேயே நடித்துக் காட்டுவாள். கொத்து என்கிற அளவுப் பாத்திரம் நிறைய அரிசியை அள்ளுவார்கள், மேலே கூம்பாக நிற்கும். கண் அதில் இருக்கும்போதே ஒரு பலகைத் துண்டு விளிம்போடு விளிம்பாகச் சரக்கென்று ஓடும். கூம்பு போய்விடும். "தலைய தட்டிருவானுங்கப்பா, அந்தத் தலையில ஒரு நேரத்துக் கஞ்சி இருக்கும்" என்பாள். தலைதட்டி அளப்பதற்கு ஆங்கிலத்திலும் ஸ்ட்ரைக் என்றே பெயர். தானியத்தை வழித்துத் தள்ளுகிற அந்தக் கட்டைக்கும் அதே பெயர், சில ஊர்களில் அந்த அளவுக்கும் அதே பெயர். பழைய தடவல் அர்த்தம் அங்கே சுத்தமாக நிற்கிறது. நாம் அதே வேலைக்குத் 'தட்டு' என்று அடிக்கிற சொல் ஒன்றைப் பிடித்திருக்கிறோம்! கொத்து என்றதும் இன்னொன்று: ரேஷன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதால்தான் 1953 ஆகஸ்ட் 12-இல் நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. ஹர்த்தால் குஜராத்திச் சொல், கடைக்குப் பூட்டு என்று பொருள். ஸ்ட்ரைக்குக்கு உறவில்லை.

வேலை நிறுத்த அர்த்தம் கப்பலில் இருந்து வந்தது. பாயை, கொடியை, கூடாரத்தை இறக்குவதற்கும் பழைய ஆங்கிலக்காரர் ஸ்ட்ரைக் என்றார்கள். சண்டையில் ஒரு கப்பல் கொடியை இறக்கினால் சரணடைந்தது என்று கணக்கு. 1768-இல் லண்டன் துறையில் மாலுமிகள் கூலி கேட்டுப் பாய்களை இறக்கிவிட்டார்கள். எந்தக் கப்பலும் நகரவில்லை. அதே சொல்தான், ஆனால் இந்தத் தடவை இறக்கியது பணிவதற்காக இல்லை, பணிய மாட்டோம் என்று காட்ட. அங்கிருந்து மற்றத் தொழிலாளிகளிடம் பரவி, கப்பலே பார்க்காத மலைக்கும் வந்து சேர்ந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். 2018 டிசம்பரில் ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டு மலையகம் முழுக்க வேலைக்கு இறங்கவில்லை. மேடையில் 'வேலை நிறுத்தம்' என்று பேசுவார்கள். லயத்தில் 'ஸ்ட்ரைக்கு'தான்.

கிரிக்கெட்டில் பந்தை எதிர்கொள்கிறவர் ஸ்ட்ரைக்கில் இருக்கிறார், கரம் விளையாட்டில் அடிக்கிற காய் ஸ்ட்ரைக்கர். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பேஸ்பாலில் மட்டும் பந்தை அடிக்காமல் கோட்டை விட்டாலும் ஸ்ட்ரைக்! அதை அமெரிக்கர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வசனத்தில் அர்த்தம் பிடிக்க ஒரு வழி: பின்னால் யாரை, எதை என்று ஒன்று வந்தால் பெரும்பாலும் அடிதான். ஒன்றும் வராமல், ஆட்களோ சங்கமோ எழுவாயாக இருந்தால் வேலை நிறுத்தம். மணி, மின்னல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாயி என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள்.

"யாருடா அடிச்சா?"

"சேரு."

"எதுக்கு?"

"ஸ்ட்ரைக்குன்னா என்னான்னு கேட்டாரு. சொன்னேன், அடிச்சுட்டாரு."

தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டே சொன்னாள்: "நாலு நாளா கண்ணு முன்னாடி நடக்குது. பச்சப் புள்ளகிட்டயா கேப்பாரு? கோயிலடிக்கு வந்து எங்ககிட்ட கேக்க வேண்டியதுதான?"