ஃபாக்ஸ் நியூஸுக்குக் காரணம் 1987 தானா?

அமெரிக்க ஊடகங்களை அரசியல் முடிவுகள் வடிவமைத்தது பற்றிய உங்கள் கட்டுரையில், 1987-இல் 'நியாயக் கொள்கை'யை (Fairness Doctrine) நீக்கியதால்தான் பழமைவாதச் செய்தித் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸ் வந்தது என்று எழுதிய வரியைப் பேராசிரியர் சுழித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சுழித்தது சரிதான்.

சர்ச்சையான விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தரச் சொன்ன அந்த 1949 விதி, அரசு உரிமம் பெற்று வான் அலைகளில் ஒலி, ஒளிபரப்பிய நிலையங்களுக்கானது. ஃபாக்ஸ் நியூஸோ 1996-இல் கேபிளில் தொடங்கியது. விதி நீடித்திருந்தாலும் அதைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஃபாக்ஸை விட்டுவிட்டு வானொலிக்குப் போங்கள். பழமைவாத வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி 1988-இல் நாடு முழுக்கப் போனது. அந்த விதியைச் சட்டமாக்க 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ரீகன் வீட்டோ செய்தார் (ஒப்புதல் மறுத்துத் தடுத்தார்) என்பதையும் சேருங்கள். அரசியல் முடிவு என்றால் அதுதானே!

அப்புறம், என்னைக் கேட்டால் அரசியல் முடிவுகள் ஊடகங்களை வடிவமைத்த கதையை அமெரிக்காவின் 1792 தபால் சட்டத்திலிருந்தே ஆரம்பிப்பேன். கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட். செய்தித்தாளுக்கு 100 மைல் வரை 1 சென்ட், அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஒன்றரை. பத்திரிகை அச்சிடுவோர் தங்களுக்குள் பிரதிகளை இலவசமாகவே அனுப்பிக்கொள்ளலாம். சிற்றூர்ப் பத்திரிகைகள் அப்படி வந்த இதழ்களிலிருந்து வெட்டியெடுத்தே பக்கங்களை நிரப்பின. பிரிட்டனிலோ செய்தித்தாள் முத்திரை வரி 1855 வரை ஒழியவில்லை.